கத்தரியக்காவும் வளைந்த வேலியும்

ஆற்றங்கரைப் பூங்காவில் செடிவேலி வெட்டுகிற அக்காவைப் பொறுத்தவரை உலகத்தில் மனிதர்கள் இரண்டே ரகம். நூல் கட்டி வெட்டுகிறவர்கள் ஒரு ரகம், நூல் கட்டாமல் வெட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

வேலியின் இரண்டு முனையிலும் குச்சி நட்டு, நடுவில் நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டுவதுதான் எல்லாரும் செய்கிற முறை. அக்காவுக்கு அதெல்லாம் கத்துக்குட்டி வேலை. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் வேலியின் நீளத்தை ஒரே ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு பெரிய கத்தரியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். முடித்த பிறகு வேலியின் தலையில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தால் அது தளும்பாமல் நிற்கும். காலையில் நடக்க வருகிறவர்கள் யாராவது, "நூல் பிடிச்ச மாதிரி இருக்கே அக்கா" என்று வாய்நிறையப் பாராட்டினால் அதற்கும் கோபம் வரும். "எங்க நூலு? காட்டுங்க பாப்போம்" என்று மல்லுக்கு நிற்பாள். பாராட்டியவர் மறுநாளிலிருந்து வேறு பாதையில் நடப்பார்.

அவளுடைய வேலி பூங்காவின் நுழைவாயிலில் தொடங்கி, ஆற்றோரமாகவே போய்ப் படகுத்துறையில் முடியும். நுழைவாயிலில் வெட்டத் தொடங்கினால் படகுத்துறைக்குப் போய்ச் சேரவே மாசக்கணக்கில் ஆகும். இடுப்பளவு உயரம். இந்தப் பக்கம் நடைபாதை, அந்தப் பக்கம் புல் சரிவு, அதற்குக் கீழே தண்ணீர். மழைக்காலத்தில் ஆறு ஏறி வந்து சரிவு முழுக்க வண்டலைப் பூசிவிட்டுப் போகும். கூடவே யாருடைய செருப்பையாவது, ஒரு முறை நாலு காலும் உருப்படியாக இருந்த நாற்காலியைக் கூட, கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும். மற்றவர்கள் அதை வெள்ளம் என்பார்கள். அக்கா, பக்கத்து வீட்டுக்காரி வேண்டுமென்றே குப்பையைத் தள்ளிவிட்டதைப் போலப் பேசுவாள். ஆனால் வேலியைத் தாண்டி ஆறு வந்ததில்லை. அதற்குக் காரணம் கரையின் உயரம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அக்காவிடம் கேட்டால் வேறு காரணம் சொல்வாள்.

அவள் கணவர் தையல்காரர். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை. கழுத்தில் எப்போதும் டேப். ஒரே வீட்டில் இரண்டு கத்தரி பிடிக்கிற கை இருந்தால் யாராவது ஒருவர் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை அவர் கல்யாணமான புதிதிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டார். "ஒரு சட்டைக்கு எத்தனை தடவைதான் அளப்பீங்க? கண்ணுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்று அவள் கேட்பாள். அவர் நான்காவது தடவையாக அளந்துகொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கண் மங்கத் தொடங்கியது.

முதலில் அவள் ஆற்றைக் குற்றம் சொன்னாள். வெயில் பட்டுத் தண்ணீர் மின்னுகிறதாம், அதனால் கூசுகிறதாம். மேகமூட்டமான நாளிலும் கூசியபோது பனியைக் குற்றம் சொன்னாள். பிறகு கத்தரிக்குச் சாணை சரியில்லை என்றாள், வீட்டு விளக்குக்கு வயசாகிவிட்டது என்றாள், இந்தக் காலத்துச் செடிகளின் பச்சையிலேயே தெளிவு இல்லை என்றாள். ஒருநாள் காலை, புல்தரையில் உட்காரக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கும் இடத்திலேயே ஒருவர் குந்தியிருப்பதைப் பார்த்து, தூரத்திலிருந்தே பிடிபிடியென்று பிடித்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், கரடி வடிவத்தில் செய்து வைத்த குப்பைத்தொட்டி. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பூங்காவே பார்த்துக்கொண்டிருந்தது.

கண் மருத்துவமனைக்குப் போகலாம் என்றால் அதில் ஒரு சிக்கல். லீவு கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். பூங்காவில் கண் மங்கியவர்களை வீட்டுக்கு அனுப்புவதில்லை. நாற்றுக்கொட்டகைக்கு அனுப்புவார்கள். கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, நாள் முழுக்க உட்கார்ந்து பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்புகிற வேலை. தண்ணீர் விடுகிறவர் ஒருவரை அப்படி அனுப்பி, அவர் அங்கேயே இருக்கிறார். நல்ல மனிதர், நிம்மதியாகத்தான் இருக்கிறார். அந்த நிம்மதிதான் அக்காவுக்கு வேண்டாம். அங்கிருந்து ஆறு தெரியாது. அதைவிட முக்கியம், வேலி வேறு யார் கைக்காவது போய்விடும். அந்தக் கை நூல் கட்டும்.

சரி, பேசாமல் நாமே ஒரு நூலைக் கட்டிக்கொள்ளலாமே என்று யாரும் யோசனை சொல்ல வேண்டாம். இத்தனை வருஷம் மார்தட்டிவிட்டு இப்போது நூலும் குச்சியுமாகப் போனால், கண் போய்விட்டது என்று ஒலிபெருக்கியில் சொல்வதற்குச் சமம். அதனால் அவள் கையை நம்பினாள். உள்ளங்கையால் வேலியின் தலையை ஒரு சாண் தடவிப் பார்ப்பாள், பிறகு அந்த இடத்தை வெட்டுவாள். பெரும்பாலும் சரியாக வரும். சில நாள் கத்தரி ஒரே கடியாக உள்ளே இறங்கிவிடும். தடவிப் பார்த்தால் முஷ்டி நுழைகிற குழி. அன்று சோறு இறங்காது. காலையில் யார் கண்ணிலாவது படுமே என்று ராத்திரி முழுக்கப் புரள்வாள்.

ஆனால் காலையில் போய்த் தடவினால் குழி இருக்காது, வழவழவென்று இருக்கும். முதல் தடவை அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. அடுத்தடுத்தும் அப்படியே நடந்தபோது, யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். செடி ராத்திரியோடு ராத்திரியாக வளர்ந்து குழியை மூடிக்கொள்கிறது. வளர்த்த பாசம். பூங்கா வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவள், ஒரு செடி எவ்வளவு வேகத்தில் வளரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள், இதை நம்பினாள். நம்ப வேண்டிய அவசியம் வந்துவிட்டால் மனிதர்கள் எதைத்தான் நம்புவதில்லை.

இந்த நேரத்தில்தான் பிளான் மேடம் வந்தார். ஆற்றின் மேல்பக்கத்தில் பூங்காவை நீட்டித்துக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு வரைபடம் போடுகிறவர் அவர். சுருட்டிய தாள்களோடு வேலியோரமாக நடந்து வந்தவர், நடுவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சூப்பர்வைசர் அக்காவைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"இந்த வேலியை வெட்டுறது நீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"ஆமாங்க."

"அலை அலையா வெட்டியிருக்கீங்களே, எப்படித் தோணுச்சு உங்களுக்கு? பக்கத்துல ஆறு ஓடுது, கூடவே வேலியும் ஓடுற மாதிரி இருக்கு."

நக்கல் என்றுதான் அக்கா நினைத்தாள். படித்தவர்கள் நக்கலைக்கூட மரியாதையாகச் செய்வார்கள் என்பது அவள் கருத்து. மேடம் விடவில்லை. புதுப் பக்கத்துக்கும் இதே மாதிரி வேலிதான் வேண்டும், செடி வளர்ந்து தயாராக நிற்கிறது, அக்காவே வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு போனார். சூப்பர்வைசர் மட்டும் ஏதோ சொல்ல வந்தவர் போல நின்று, தொண்டையைச் செருமிவிட்டு நடந்தார்.

அக்கா வேலியின் மேல் கை வைத்து நுழைவாயிலிலிருந்து நடக்க ஆரம்பித்தாள். இவ்வளவு நாளும் ஒவ்வொரு சாணாகத் தடவியவளுக்கு வழவழப்பு மட்டும்தான் தெரிந்தது. இப்போது நிற்காமல் நடந்தபோது கை இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. அவளுடைய வேலி வளைந்திருந்தது. மேடம் நக்கல் செய்யவில்லை. அவமானத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. செடிக்குப் பாசம் இருக்கலாம், ஆனால் செடிக்கு அலை போடத் தெரியாது. யாரோ கை வைத்திருக்கிறார்கள். புல்வெட்டும் மெஷின் ஓட்டுகிறவராகத்தான் இருக்கும் என்று தீர்மானித்தாள். அவருக்கு எப்போதுமே இவள் வேலிமேல் ஒரு கண்.

மறுநாள் விடியும்போதே கிளம்பினாள். கணவர் அதற்கு முன்பே வாக்கிங் போய்விட்டிருந்தார். கொஞ்ச காலமாகவே அவருக்கு அந்த நல்ல பழக்கம் வந்திருந்தது. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார், அவரும் விடாமல் போய்க்கொண்டிருந்தார். சர்க்கரை மட்டும் இறங்கியபாடில்லை. அது ஏன் என்று டாக்டருக்கும் புரியவில்லை.

ஆற்றின் மேல் மூட்டம் கவிந்திருந்தது. படகுத்துறைப் பக்கம் வேலியோரமாக ஓர் உருவம் குனிந்து நின்றது. 'சிக் சிக்' என்று சின்னச் சத்தம். அவளுடைய கத்தரிக்கு இப்படிச் சத்தம் வராது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை நடை நடந்து, பின்னாலிருந்து சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"யார் வேலியில யார்டா கை வைக்கிறது?"

காலரோடு சேர்ந்து ஏதோ ஒன்று அவள் கையில் சிக்கியது. பட்டையாக, வழுக்கிக்கொண்டு, நீளமாக. அது டேப். அவள் பிடியைத் தளர்த்தினாள்.

"நான்தாம்மா," என்றார் தையல்காரர். "காலரை விடு, தையல் விட்டுடும்."

"நீங்களா? வாக்கிங் போறேன்னுதானே சொன்னீங்க?"

"இங்க வரைக்கும் நடந்துதானே வர்றேன்."

அவர் கையில் என்ன இருக்கிறது என்று தடவிப் பார்த்தாள். துணி வெட்டுகிற கத்தரிக்கோல். அதைக் கேட்டு யாரும் வாங்கிவிட முடியாது. அதை வைத்து ஒரு காகிதத்தை வெட்டினால்கூட முனை மழுங்கிவிடும் என்று அவர் மூன்று வேளையும் சாப்பிடாமல் இருப்பார். இப்போது அது பச்சைச் சாறு ஒட்டிப் பிசுபிசுத்தது. அலகில் பல் பல்லாக நெளிவு. அக்காவுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஆள் அப்படி.

"எத்தனை நாளா இது?"

"கொஞ்ச நாளாத்தான். நீ ராத்திரி தூங்காம புரள்ற அன்னிக்கு, வெட்டுல ஏதோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுரும். காலையில வந்து பாப்பேன்."

"சரி, வந்ததுதான் வந்தீங்க, நேரா வெட்டியிருக்கக் கூடாதா? இப்படியா கோணலா வெட்டி வைப்பாங்க?"

தையல்காரர் முதல் முறையாகத் தொழில் பெருமையோடு பேசினார். "குழியை எப்படிம்மா மேடாக்குறது? வெட்டினது வெட்டினதுதான், ஒட்டவா முடியும்? துணியில கத்தரி தப்பாப் போயிட்டா என்ன பண்ணுவேன்? அந்த இடத்தை ரெண்டு பக்கமும் இழுத்து ஒரு வளைவா எடுத்துருவேன். யாராவது கேட்டா புது மாடல்னு சொல்லுவேன். சட்டைக்குக் கை வைக்கிற இடத்துல ஒரு வளைவு எடுப்பேன்ல, அதையேதான் இங்கயும் எடுத்தேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

அக்கா புல்தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரையும் உட்கார விடாத புல்தரை அது.

"புதுப் பக்கத்துக்கும் இதே வேணுமாம்," என்றாள். "எனக்கு அதை வெட்டத் தெரியாது. நீங்க வெட்டுவீங்களா?"

"நீ குழி போடாம எனக்கு எங்க வளைக்கிறதுன்னே தெரியாதே."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே அழுதாள். பயம் என்று அவள் வாயால் சொன்னது அன்றுதான். ஆபரேஷன் கத்திக்குப் பயம், கொட்டகைக்கு அதைவிடப் பயம், வேலியை இன்னொருத்தர் கையில் கொடுப்பதற்கு எல்லாவற்றையும்விடப் பயம். நாள் முழுக்க வெட்டுகிறவளுக்குத் தன்னை வெட்டுவார்கள் என்றால் இவ்வளவு உதறலா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தரிக்கோல் ஆற்றுக்குள் போயிருக்கும்.

அன்றே அலுவலகத்துக்குப் போய், மேடமும் சூப்பர்வைசரும் இருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னாள். கண் தெரியவில்லை என்றாள், அலை தன்னுடையது இல்லை என்றாள், வீட்டுக்காரர் வாக்கிங் போன கதையையும் விடவில்லை. சூப்பர்வைசர் மறுபடி தொண்டையைச் செருமினார்.

"தெரியும்க்கா. வாட்ச்மேன் முதல் நாளே சொன்னார், டேப் போட்ட ஒருத்தர் வேலிக்கு அளவெடுக்கிறாருன்னு. உங்ககிட்ட வந்து சொல்ல எங்களுக்குத் தைரியம் வரல."

மேடம் சிரிக்கவில்லை. "யார் வெட்டினாலும் எனக்கு அந்த வளைவு வேணும்," என்றார். "புதுப் பக்கத்தை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம். போய்க் கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்க. சரியாகலைன்னா அப்புறம் என்னன்னு பாப்போம்." அந்த அப்புறம் என்ன என்பது கொட்டகைதான் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு வைதார். புரை முற்றிவிட்டது, வலது கண் வந்துவிடும், இடது கண்ணுக்கு உத்தரவாதம் இல்லை, இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றார். செடி வளர்வதை நம்பிக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா? ஆபரேஷன் அறைக்குள் போகும்போது கணவரின் கையை அவள் பிடித்திருந்த பிடியில், அவருக்கு ரெண்டு நாள் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

கட்டுப் பிரித்தபோது டாக்டர் சொன்னபடியே ஆகியிருந்தது. வலது கண் பளிச்சென்று தெரிந்தது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான். டாக்டர் வருத்தமாகச் சொல்ல வாயெடுத்தார். "பரவாயில்லங்க, வேலைக்கு நான் ஒரு கண்ணை மூடிக்கிட்டுத்தான் பாக்குறது" என்று அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வந்தாள் அக்கா. வேலிக்கு அந்த ஒரு கண் போதும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், சூப்பர்வைசரும் ஒப்புக்கொண்டார். கொட்டகையிலிருந்து தப்பித்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று கணவரும் கூட வந்தார். கறுப்புக் கண்ணாடியோடு நுழைவாயிலில் நின்றாள் அக்கா. முதலில் ஆற்றைப் பார்த்தாள். தண்ணீரில் சுருக்கம் சுருக்கமாக ஓடுவது தனித்தனியாகத் தெரிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேலியைப் பார்த்தாள். வீட்டில் படுத்திருந்தபோதெல்லாம் அவள் மனதுக்குள் ஒரு திட்டம் இருந்தது. கண் வந்ததும் முதல் வேலையாக இந்தக் கோணலையெல்லாம் ஒரே மட்டமாக இறக்கிவிட்டு, மேடத்துக்கு வேண்டுமானால் புதுப் பக்கத்தில் தனியாக அலை போட்டுக் கொடுப்பது. அதற்காகக் கத்தரிக்குச் சாணையும் பிடித்து வைத்திருந்தாள்.

கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நுழைவாயில் பக்கம் வளைவுகள் குறைவு. நீண்ட நேர்வெட்டு, அப்புறம் மேலோட்டமாக ஒன்று, மறுபடியும் நேர்வெட்டு. போகப் போக வளைவுகள் ஆழமாயின. ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தன. படகுத்துறையை நெருங்கும்போது நேராக ஒரு முழம்கூட இல்லை. ஒரு வளைவு முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்கியது. ஒவ்வொன்றும் அவள் தப்பு செய்த இடம். ஒவ்வொன்றும் ஒரு விடியற்காலை. எல்லாம் ஒரே அளவில், பிசிறில்லாமல், விளிம்பு மடித்துத் தைத்ததைப் போல முடிந்திருந்தன.

தான் எவ்வளவு தூரத்துக்குக் குருடாகியிருந்தாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கத்தரியைக் கீழே வைத்தாள்.

"இவ்வளவா?"

"கடைசியில கொஞ்சம் திணறிட்டேன்," என்றார் தையல்காரர். "குழியைக் கிட்டக் கிட்டப் போட்டுட்ட. ஒண்ணு முடிக்கிறதுக்குள்ள அடுத்தது."

"ஆரம்பத்துலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இதெல்லாம் நுழைவாயில்கிட்டயே நின்னிருக்குமே. இடது கண்ணும் எனக்கு இருந்திருக்குமே."

"சொன்னேனே."

"எப்ப சொன்னீங்க?"

"முதல் தடவை ஆனப்பவே. கண்ணைக் காட்டிட்டு வரலாமான்னு கேட்டேன். யார் கண்ணுக்கு என்னன்னு கேட்டுட்டு, அதுக்கப்புறம் ஒரு வாரம் நீ என்கூடப் பேசல." டேப்பின் நுனியை அவர் விரலில் சுற்றினார், பிரித்தார். "வீட்டுல சத்தமே இல்ல. என்னால அதைத் தாங்க முடியல. அதுக்கு இங்க வந்து வெட்டுறது எனக்குச் சுலபமா இருந்துச்சு."

அக்காவுக்கு அந்த வாரம் ஞாபகம் வந்தது. எதற்காகப் பேசாமல் இருந்தாள் என்பதைக்கூட அவள் மறந்திருந்தாள். படகுத்துறைப் பக்கம் கடைசி வளைவின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, தெரிகிற ஒரு கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.